எதிர்விலை கேட்க ஆளில்லாத ஏலம்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் என்னைக் கண்டதும் முதலில் கேட்பது, "அக்கா, எந்தக் கமெரா வாங்கினால் நல்லது?" என்றுதான். கையில் இருப்பதே நல்லது. அடுத்த கேள்வி, வீடியோ எத்தனை நிமிடம் இருக்க வேண்டும் என்பது. பார்ப்பவர் கொட்டாவி விடுவதற்கு முன்னர் முடிந்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ட்ரோனைப் பறக்கவிட்டுப் பனங்கூடலைக் காட்டாமல் ஒரு பொதி மிளகாய்த்தூளைக்கூட விற்க மாட்டோம் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் அல்லவா நீங்கள்!

கலியாண வீட்டு வீடியோக்களை வெட்டி ஒட்டும் மேசையில்தான் நான் தொடங்கினேன். பிறகு மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டுச் சின்ன வியாபாரிகளின் பக்கம் வந்தேன். தையற்கடை, எண்ணெய்ச் செக்கு, வட்டுக்கோட்டையில் பூக்கன்று விற்கும் ஒரு குடும்பம் என்று, இணையத்தில் முகம் காட்ட வேண்டியிருந்தவர்கள் எல்லோரும் என்னைத் தேடி வந்தார்கள். இப்போது கண் ஒத்துழைப்பதில்லை. திரையை நெடுநேரம் பார்த்தால் தலை இடிக்கிறது. தொழிலை விட்டது கண்ணுக்காகத்தான், அலுப்பினால் அல்ல.

சின்னச் சின்னப் பாடங்கள் நிறைய உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் கருவாடு பொரிக்கிற வீடியோவைப் போடாதீர்கள். குளித்து முழுகிக் கோயிலுக்கு வெளிக்கிட்டு நிற்கிற மனுசி போனைத் திறந்ததும் உங்கள் சட்டியில் கருவாடு சீறினால், சாமி கும்பிடப் போகிற அதே கையால் உங்கள் பக்கத்தைத் தடுத்துவிட்டுத்தான் வாசற்படலையைத் திறப்பா. சனிக்கிழமை போட்டிருந்தால் அதே மனுசிதான் உங்கள் முதல் வாடிக்கையாளர். இதெல்லாம் பட்டுத் தெரிந்துகொள்ளலாம். பட்டும் இலகுவில் தெரியவராத ஒன்று இருக்கிறது. அதற்குக் குருநகர் றெஜினாவின் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

றெஜினா கருவாடு போட்டு விற்பவர். கணவர் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். கணவர் இருந்த காலத்தில் அவர் கொண்டுவந்த மீனைக் காயப்போட்டவர், பின்னர் தானே காலையில் கரைக்குப் போய் ஏலத்தில் நின்று மீன் எடுக்கத் தொடங்கினார். படகு வந்ததும் மீனைக் கரையில் குவிப்பார்கள். ஏலம் கூறுகிறவர் ஒரு விலையில் தொடங்குவார். வியாபாரிகள் ஒருவரையொருவர் மிஞ்சி ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் குறைவு. றெஜினா யாருக்கும் ஒதுங்கி நின்றதில்லை.

அவருக்கு எதிராக விலை கேட்பவர்களில் முதல் ஆள் பண்டத்தரிப்பு யோகன். சொந்த ஊர் பண்டத்தரிப்பு இல்லை. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி அந்தப் பக்கம் மீன் கொண்டுபோய் விற்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். இருவரும் கீரியும் பாம்பும். ஒருவர் கண் வைத்த மீனை மற்றவர் விடமாட்டார். கரையில் நிற்பவர்களுக்கு அது காசில்லாத கூத்து.

றெஜினாவின் கருவாட்டைக் கடைக்காரர்கள் அடிமாட்டு விலைக்கு எடுத்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு நேரே அனுப்பினால் கட்டுப்படியாகும் என்று கனடாவில் இருந்த அவருடைய அண்ணன் சொன்னார். வீடியோவுக்கான செலவும் அவருடையதுதான். அப்போது மாரி கிட்ட வந்துகொண்டிருந்தது. மழை தொடங்கினால் மீன் காயாது, காய்ந்து கிடப்பதும் நமுத்துவிடும். அதற்கு முன்னர் நல்ல விலைக்கு விற்றால்தான் மாரி முழுவதும் அந்த வீட்டில் அடுப்பெரியும். இந்த நெருக்கடியோடுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் வீடியோ படுதோல்வி. கமெராவைக் கண்டதும் றெஜினா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வணக்கம் என் அன்பான உறவுகளே" என்று தொடங்கிவிட்டார். இந்தியத் தொலைக்காட்சியில் கேட்ட தமிழை எங்கிருந்தோ எடுத்து, மாதா கோயில் பூசையில் வாசகம் வாசிப்பதுபோல் வாசித்தார். "எங்கள் கருவாடு மிகவும் சுவையாக இருக்கும்" என்று அவர் சொன்னபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. நம் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. கமெராவுக்கு முன்னால் 'ஆம்' என்பார்கள், வீட்டில் சொல்கிற 'ஓம்' என்பதைச் சொல்ல வெட்கப்படுவார்கள்.

இரண்டாவது முறை கமெராவை ஓரமாக வைத்துவிட்டு, மீன் வெட்டிக்கொண்டே கதைக்கச் சொன்னேன். கருவாட்டில் தொடங்கிய கதை கணவரிடம் போய்விட்டது. கடைசியாக அவர் கடலுக்குப் போன அன்று தேத்தண்ணி குடிக்காமல் போனதைச் சொல்லும்போது றெஜினாவுக்குக் கண் நிறைந்தது. கையெல்லாம் மீன் என்பதால் மேற்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த மீனை எடுத்தார். அது வீடியோவுக்காகச் சொன்ன கதை அல்ல. கமெரா ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

படப்பிடிப்பில் எடுத்ததெல்லாம் காசு கொடுத்தவருக்குச் சொந்தம் என்பது எங்கள் வழக்கம். அண்ணனுக்கு அனுப்பினேன். அன்றைக்கே அழைத்தார்.

"அக்கா, உந்த அழுகிற துண்டை முன்னுக்குப் போடுங்கோ. பின்னாலை வயலினும் விட்டால் சனம் உருகிப்போகும்."

"கருவாடு விக்கிறதுக்குச் சனம் ஏன் தம்பி உருக வேணும்?"

"உங்களுக்கு இஞ்சத்தை நிலைமை விளங்காது. இஞ்சை இருக்கிற எங்கடை ஆக்கள் உதவி வீடியோவைத்தான் பாக்கினம். அழுதால்தான் நிண்டு பாக்கினம்."

உதவி வீடியோ என்றால் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வீட்டுக்குப் போய், ஓட்டைக் கூரையைக் காட்டி, வீட்டுக்காரரை அழவைத்து, புலம்பெயர்ந்தவர்களிடம் உதவி கேட்பார்கள். அதனால் உண்மையாகவே பசியாறிய குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே நான் அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் றெஜினா உதவி கேட்கவில்லை. அவரிடம் விற்கப் பொருள் இருந்தது.

நான் மறுத்தேன். பெரிய நீதிமான் என்று நினைத்துவிடாதீர்கள். அழுகிறவரிடம் யாரும் சாமான் வாங்குவதில்லை, ஆறுதல்தான் சொல்வார்கள் என்பது கலியாண வீடு, செத்தவீடு எல்லாம் பார்த்த எனக்குத் தெரிந்திருந்தது. அது விற்காது என்றுதான் மறுத்தேன். றெஜினாவோ அண்ணன் பக்கம் நின்றார்.

"அழுதது நான்தானே அக்கா. பொய்க்கு அழேல்லை. போடட்டும். கருவாடு வித்தால் எனக்கு அது போதும்."

அண்ணன் அங்கேயே வேறொருவரைப் பிடித்து வெட்டி ஒட்டுவித்து, வயலினும் விட்டுப் போட்டார். அது காட்டுத்தீயாய்ப் பரவியது. பார்த்தவர்கள் கண்ணீர் முகங்களை வரிசையாக அனுப்பினார்கள். "சகோதரியின் வங்கி இலக்கத்தைப் போடுங்கோ" என்று கேட்டார்கள். அண்ணன் போட்டார், பணமும் வந்தது. ஆனால் ஒருவர்கூட, அந்தக் கருவாடு என்ன மீன் என்று கேட்கவில்லை. முன்னரே பொதி கேட்டிருந்த சுவிஸ் நாட்டு அம்மா ஒருவர், "கருவாடு வேண்டாம் பிள்ளை, காசை நீரே வைச்சுக்கொள்ளும்" என்று எழுதிவிட்டார். நல்ல மனம்தான். அந்த நல்ல மனத்தால் றெஜினாவின் மூட்டைகள் கட்டியபடியே கிடந்தன.

சில நாள் கழித்து நான் போனபோது றெஜினா வீட்டு வாசலில் சும்மா இருந்தார். அவரை அப்படிச் சும்மா இருந்து நான் கண்டதில்லை. மீன் காயப்போடுகிற பரண் வெறுமையாகக் கிடந்தது.

"ஏன், இண்டைக்கு ஏலத்துக்குப் போகேல்லையோ?"

"போய் என்ன செய்ய அக்கா? நான் விலை கேட்டால் ஒருத்தரும் எதிர்த்துக் கேக்கினமில்லை. எல்லாரும் குனிஞ்சு நிலத்தைப் பாக்கினம். யோகன்கூட விலகி நிக்கிறான். நான் கேட்ட விலையிலையே மீன் என்ரை பெட்டிக்குள்ளை விழுகுது."

முதலில் எனக்கு விளங்கவில்லை. மீன் மலிவாகக் கிடைக்கிறதே, இதில் என்ன குறை என்று யோசித்தேன். றெஜினா மெல்லச் சொன்னார்.

"நேற்றுச் சூசை அண்ணை வந்தவர். 'பிள்ளை, குறை நினையாதை. நாளைக்கு என்ரை மீன் கூறி முடிஞ்சாப்பிறகு வாறியே?' எண்டு கேட்டார் அக்கா. நிலத்தைப் பாத்துக்கொண்டுதான் அவரும் கேட்டார்."

சூசை அண்ணை முன்னர் றெஜினாவின் கணவரோடு ஒன்றாகத் தொழிலுக்குப் போய்வந்தவர். சின்னப் படகு, பெரிய குடும்பம். வியாபாரிகள் றெஜினாவுக்கு இரக்கம் காட்டினார்கள். அந்த இரக்கத்துக்கான காசு சூசை அண்ணையின் மடியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அவர் படகில் வந்த நல்ல பாரை மீன் எதிர்விலை கேட்க ஆளில்லாமல் பாதி விலைக்குப் போனது. அதைத் தன் தோழனின் மனைவியிடம் அவர் எப்படித்தான் வாயைத் திறந்து சொன்னாரோ!

"நான் பிச்சைக்காரி எண்டு பேர் வந்தால் அது என்னோடை போகட்டும்" என்றார் றெஜினா. "அந்த மனிசன்ரை வயித்திலை அடிச்சுப்போட்டனே அக்கா. இனி நான் அங்கை போய் நிண்டால் அவருக்கு நட்டம். போகாட்டில் எனக்குத் தொழில் இல்லை."

இதுதான் நிலைமை. வீடியோவை அழிக்கச் சொன்னோம். அண்ணன், "காசு வந்துகொண்டிருக்கு, ஏன் கெடுக்கிறியள்?" என்று பாய்ந்தார். அழித்திருந்தாலும் பயனில்லை. அதற்குள் வேறு எத்தனையோ பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டார்கள். வானமோ மூடத் தொடங்கியிருந்தது.

இந்த மாதிரி வேளையில் நம் தொழில் நமக்குச் சொல்லித்தரும் முதல் யோசனை, விளக்கம் கொடுத்து இன்னொரு வீடியோ போடுவது. நானும் அதைத்தான் செய்து பார்த்தேன். றெஜினாவைக் கதிரையில் இருத்தி, "எனக்கு உதவி வேண்டாம், என் கருவாட்டை வாங்குங்கள்" என்று சொல்லவைத்தேன். இருவரும் போட்டுப் பார்த்தோம். கண்ணீர் இல்லை, ஆனாலும் அது முந்தினதைவிடப் பெரிய கெஞ்சலாகத் தெரிந்தது. விளக்கம் கொடுக்கக் கொடுக்கப் பரிதாபம் கூடிக்கொண்டுதான் போகும். இதை நீங்கள் என்னை நம்பி எடுத்துக்கொள்ளலாம்.

அதை அழித்துவிட்டு, "நாளைக்கு ஏலத்துக்குப் போவம்" என்றேன்.

"சூசை அண்ணை வரவேண்டாம் எண்டவர்."

"அவரின்ரை மீனுக்குத்தான் போறம்."

காலையில் கமெராவோடு கரைக்குப் போனேன். சூசை அண்ணை எங்களைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். முதலில் அவருடைய கட்டா மீன் கொஞ்சம் ஏலத்துக்கு வந்தது. நான் றெஜினாவின் முகத்துக்கே கமெராவைப் பிடித்தபடி நின்றேன். றெஜினா விலை கேட்டார். வியாபாரிகள் செத்தவீட்டில் வழிவிட்டு நிற்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். ஏலம் கூறுகிறவர் சுற்றிப் பார்த்தார், ஒரு குரலும் இல்லை. மீன் றெஜினாவுக்குப் போனது.

அப்போதுதான் என் கையிலிருந்த சாமான் செய்கிற வேலை எனக்கு உறைத்தது. கமெரா றெஜினாவைப் பார்க்கும்வரை எல்லோரும் அவரை அந்த அழுகை வீடியோவின் மிச்சமாகத்தான் பார்ப்பார்கள். யார்தான் கமெராவுக்கு முன்னால் ஓர் ஏழைப் பெண்ணோடு மல்லுக்கு நிற்பார்? அடுத்ததாகப் பாரைக் குவியல் வந்தது. சூசை அண்ணையின் அன்றைய உழைப்பே அதுதான். றெஜினா மறுபடி விலை கேட்டார், மறுபடி மௌனம். ஏலம் கூறுகிறவர் முடிக்கப்போகிறார். நான் றெஜினாவை விட்டுவிட்டுக் கமெராவை யோகன் பக்கம் திருப்பினேன்.

"யோகன், உந்தப் பாரை பண்டத்தரிப்பிலை எப்பிடிப் போகும்?"

"அதை ஏன் என்னட்டைக் கேக்கிறியள்?" என்று நெளிந்தார்.

"மீன் தெரிஞ்ச ஆளிட்டைத்தானே கேக்க வேணும்."

மனிதருக்கு அது போதும். குனிந்து ஒரு பாரையைத் தூக்கிச் செவுளை விரித்தார். "இஞ்சை பாருங்கோ, என்ன சிவப்பு எண்டு. ராத்திரிப் பட்ட மீன். வெட்டினால் கண்ணாடி மாதிரி இருக்கும். உதைக் கொண்டுபோனால் சனம் படலைக்குள்ளை வந்து பறிக்கும். உந்த விலைக்கோ உதைக் குடுக்கிறது? அநியாயம்!"

"அநியாயமெண்டால் நீ கேளன்" என்றார் பின்னாலிருந்து றெஜினா. "வாயிலை என்ன, கொழுக்கட்டையே?"

யோகன் மீனைக் கையில் வைத்தபடியே திரும்பினார். "உனக்கெதிரா எப்பிடி றெஜினா கேக்கிறது? அழுதனியல்லே..."

"ஓம், அழுதனான். அழுது முடிஞ்சுது. இப்ப மீன் எடுக்க வந்து நிக்கிறன். உனக்குப் பயமெண்டால் பெட்டியைக் கழட்டி வைச்சிட்டு வீட்டை போ. பண்டத்தரிப்பு ஆக்கள் இண்டைக்கு முருங்கைக்காய் தின்னட்டும்."

யாரோ சிரித்தார்கள். யோகனின் காது சிவந்தது. ஒரு விலை சொன்னார். சொன்னபின் பிழை செய்துவிட்டவர்போல் றெஜினாவைப் பார்த்தார். றெஜினா அவரைப் பார்க்கவே இல்லை. அந்தக் குரல் விழுந்த கையோடு தன் விலையை ஏற்றினார். யோகனும் ஏற்றினார். மூன்றாவதாக ஒருவர் இடையில் புகுந்தார். ஏலம் கூறுகிறவருக்குத் தொண்டை திறந்தது. அத்தனை நாளும் அடைத்துக் கிடந்ததெல்லாம் சேர்ந்து வருவதுபோல் கரை இரைந்தது. பகிடி என்ன, வசவு என்ன! சூசை அண்ணை தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு கட்டத்தில் றெஜினா நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் எடுத்துக் காயப்போட்டால் கட்டாது என்று அவருக்குத் தெரியும். பாரை யோகனுக்குப் போனது. றெஜினா தோற்றுப்போய் நின்று வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. படம் கொஞ்சம் ஆடியதற்குக் காரணம் அதுதான்.

இனி நீங்கள் சொல்லுங்கள், அதில் எதை வெட்டியிருப்பீர்கள்? உங்களிடம் பொருள் விற்கத் தந்தவர் தோற்பதைக் காட்டக் கூடாது என்பது நம் தொழிலின் பாலர் பாடம். றெஜினா கட்டா மீனை எடுத்ததோடு முடித்திருக்கலாம். அதில் அவர் வென்றார், மீனும் வடிவாக இருந்தது. நான் அந்தத் துண்டைத்தான் தூக்கி எறிந்தேன். பாரையின் செவுளில் தொடங்கி, அவர் தோற்றுச் சிரிப்பதில் முடித்தேன். வயலின் இல்லை, வணக்கமும் இல்லை. கடைசியில் எழுத்தில், வீட்டில் என்னென்ன கருவாடு இருக்கிறது என்பதையும், முன்னர் பணம் அனுப்பியவர்கள் முகவரி தந்தால் அதற்குரிய கருவாடு வந்து சேரும் என்பதையும் போட்டோம். பிந்தியது றெஜினாவின் நிபந்தனை.

அழுகை வீடியோவைப் பார்த்த கூட்டத்தில் ஒரு சின்னப் பங்குதான் இதைப் பார்த்தது. அதை மறைக்க மாட்டேன். மாரிக்கு முன்னர் எல்லா மூட்டையும் விற்றுத் தீரவும் இல்லை. ஆனால் பார்த்தவர்கள் வேறு மாதிரிக் கதைத்தார்கள். யோகன் ஏமாந்துவிட்டார் என்று ஒருவர் எழுத, இல்லை, அந்தப் பாரைக்கு அந்த விலை தகும் என்று இன்னொருவர் சண்டைக்குப் போனார். பிறகு ஒரு கேள்வி வந்தது. "கட்டாக் கருவாடு வடிவாக் காஞ்சதோ? போனமுறை வேறை இடத்திலை வாங்கி ஒரே உப்பு." அதை வாசித்துவிட்டு றெஜினாவுக்குப் பொல்லாத கோபம். "என்ரை கருவாட்டையோ உப்பெண்டு கேக்கிறா?" என்று நெடுநேரம் ஏசினார். எனக்கோ சந்தோசத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிள்ளைகளே, சந்தேகப்படுகிறவர்தான் வாங்குகிறவர். உப்பு அதிகமோ என்று கேட்கிற அந்த ஒரு மனுசிக்காக ஆயிரம் கண்ணீர் முகங்களைக் கொடுத்துவிடலாம்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்த றெஜினா பொதி கட்டிக்கொண்டிருந்தார். நானும் உதவிக்கு இருந்தேன். கனடாவிலிருந்து அண்ணன் அழைத்தார். கை ஓய்வில்லாததால் றெஜினா போனைச் சத்தமாகப் போட்டு நிலத்தில் வைத்தார்.

"தங்கச்சி, உனக்கென்ன விசரே? எவ்வளவு சனம் உன்னிலை இரக்கப்பட்டுக்கொண்டு நிண்டுது! நீ போய் அவனிட்டைத் தோத்ததை உலகத்துக்குக் காட்டிப்போட்டு நிக்கிறாய். இப்ப உனக்கு என்ன கிடைச்சது?"

றெஜினா கயிற்றைப் பல்லால் இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். போனைக் கையில் எடுத்தார்.

"அண்ணை, நேற்றும் யோகன் எனக்கு மீன் எடுக்க விடேல்லை" என்றார்.